விண்டோஸ் 11 ஏறாத ஐந்து கணினிகள்: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

தட்டச்சகம் (கேள்வி)

வணக்கம். தட்டச்சு, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கும் சிறிய கடை. ஐந்து கணினிகள், ஐந்திலும் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சோதனை நிரலை ஓட்டிப் பார்த்தால் ஐந்துமே விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்கிறது.

அ) ஐ3-8100, எச்310 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டுடிஸ்க், விண்டோஸ் 10 ப்ரோ. சி, டி, இ, எஃப் என்று நான்கு பிரிவுகள். டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சில்லு) இல்லை, செக்யூர் பூட் (தொடக்கத்தில் நம்பகமான நிரலை மட்டும் ஏற்றும் வசதி) இல்லை என்று இரண்டு சிவப்புக் குறி.

ஆ, இ) டெல் ஆப்டிபிளெக்ஸ் 3040 இரண்டு. ஐ5-6500, 4 ஜிபி ரேம், ஹார்டுடிஸ்க். டிபிஎம் 1.2 என்று காட்டுகிறது.

ஈ) லேப்டாப், ஐ3-5005யு, 4 ஜிபி ரேம், ஹார்டுடிஸ்க்.

உ) கோர் 2 டியோ இ7500, ஜி41 போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ரேம், 32-பிட் விண்டோஸ் 10. பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர் 7 இதில்தான் இருக்கிறது.

கூடவே உள்ளவை: கேனான் எல்பிபி 2900 பிரிண்டர், எச்பி எம்1005, விரல்ரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கணக்கு மென்பொருளான டாலி பிரைம். தமிழ் தட்டச்சு பாதி தமிழ்99 விசைப்பலகையில் யூனிகோடாக, பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில்.

சர்வீஸ் பார்ப்பவர் ஒருவர் ஐந்தையும் தூக்கிப் போடச் சொல்கிறார். இன்னொருவர் ஐந்திலும் பைபாஸ் செய்து (தகுதிச் சோதனையைத் தாண்டவைத்து) 11 போட்டுத் தருகிறேன் என்கிறார். இரண்டுமே சரியாகப் படவில்லை. எந்தக் கணினிக்கு என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணினிப்பட்டறை (பதில்)

இருவர் சொன்னதையும் கேட்க வேண்டாம். ஐந்தும் தகுதியில்லை என்றாலும் காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ‘அ’வில் ஒரு செட்டிங் அணைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். ‘ஆ, இ, ஈ’ மூன்றின் ப்ராசசர்களும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை. ‘உ’வின் ப்ராசசருக்கு விண்டோஸ் 11 கேட்கும் கட்டளைகளே கிடையாது, எந்தப் பைபாஸும் அதில் எடுபடாது. ஹெல்த் செக் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பைக் காட்டுவதால்தான் இந்தக் குழப்பம்.

நான் ‘அ’வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஐ3-8100 எட்டாம் தலைமுறை, ஆதரவுப் பட்டியலிலேயே இருக்கிறது. டிபிஎம் என்று தனிச் சில்லு எதுவும் வாங்க வேண்டாம். இன்டெல் பிடிடி என்ற பெயரில் அந்த வசதி உள்ளேயே உண்டு, பயாஸில் (கணினி எழும்பும் முன் வரும் அமைப்புத் திரை) அணைத்து வைத்திருப்பார்கள். கிகாபைட் போர்டில் பெரிஃபெரல்ஸ் பகுதியில் இன்டெல் பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி என்று இருக்கும். ஆசுஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் பிசிஎச் எஃப்டபிள்யூ கான்ஃபிகரேஷன். எம்எஸ்ஐயில் டிரஸ்டட் கம்ப்யூட்டிங் கீழே செக்யூரிட்டி டிவைஸ் சப்போர்ட். எனேபிள் செய்து சேமித்துவிட்டு, விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0 என்று வந்தால் ஒரு சிவப்பு போயிற்று.

செக்யூர் பூட்தான் கொஞ்சம் வேலை வாங்கும். பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையை அணைத்தால்தான் செக்யூர் பூட் வரும். சிஎஸ்எம்மை அணைத்தால் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க் பூட் ஆகாது. எனவே டிஸ்க்கைச் சரிசெய்யாமல் சிஎஸ்எம்மைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டு ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று வந்தாலும் பயப்பட வேண்டாம். திரும்ப எனேபிள் செய்தால் பழையபடி வந்துவிடும், டேட்டா எதுவும் போகாது.

எம்பிஆரை ஃபார்மேட் இல்லாமல் ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற விண்டோஸ் 10-லேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, 1703 பதிப்பிலிருந்து. ஆனால் உங்கள் டிஸ்க்கில் அது பெரும்பாலும் தோற்றுப் போகும். சி, டி, இ, எஃப் என்று பிரித்துக் கொடுக்கும்போது சி பிரைமரியாகவும், மற்றவை ஒரு எக்ஸ்டெண்டட் பிரிவுக்குள் லாஜிக்கல் டிரைவ்களாகவும் அமைந்திருக்கும். எக்ஸ்டெண்டட் பிரிவு இருந்தாலோ, மூன்றுக்கு மேல் பிரைமரி இருந்தாலோ அந்தக் கருவி வேலிடேட் கட்டத்திலேயே நின்றுவிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பச்சைக் கட்டம் போட்டுச் சூழ்ந்திருந்தால் அதுதான் எக்ஸ்டெண்டட். அதை நீக்க வேண்டுமானால் டி, இ, எஃப் மூன்றின் கோப்புகளையும் வெளியே நகலெடுத்துவிட்டு அழிக்க வேண்டும். அதன்பின் ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ என்று நிற்பதையும் அழித்து ‘அன்அலகேட்டட்’ ஆக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிட்டு, ஏன் இன்னும் பிழை வருகிறது என்று தேடுவார்கள்.

அந்தச் சிரமமே வேண்டாம் என்பது என் கருத்து. 256 அல்லது 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். ஹார்டுடிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி, சிஎஸ்எம்மை அணைத்து, பிடிடியை எனேபிள் செய்து, மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலில் செய்த பென்டிரைவிலிருந்து விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போடுங்கள். முடிந்தபின் ஹார்டுடிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் எல்லாக் கோப்புகளும் அப்படியே இருக்கும். பூட் ஆவதற்குத்தான் ஜிபிடி தேவை, டேட்டா டிஸ்க் எம்பிஆராகவே இருக்கலாம். கேபிளைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது இன்ஸ்டால் செய்தால் பூட் கோப்புகள் தவறான டிஸ்க்கில் போய் உட்காரும் வாய்ப்பிருக்கிறது. பிறகு பழைய டிஸ்க் செத்தால் புதியதும் எழும்பாது.

லைசென்ஸ் மதர்போர்டோடு பதிவானது. பழையது ஆக்டிவேட் ஆகியிருந்தால், புதியதிலும் அதே ப்ரோ பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். ஹோம் போட்டுவிட்டால் ஆகாது. தொடங்கும் முன் பயாஸ் அப்டேட் இருந்தால் அதை முதலில் செய்துவிடுங்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் எனேபிளாகி இருந்தால் ரெக்கவரி கீயைத் தாளில் அச்சிட்டு வைக்காமல் பயாஸ் பக்கமே போகக் கூடாது. அப்டேட்டில் டிபிஎம் அழிந்துவிட்டால் அந்த 48 இலக்க எண் இல்லாமல் டிஸ்க் திறக்காது.

ஆறாம்தலைமுறை (பதில்)

‘ஆ, இ’ பற்றிச் சொல்கிறேன். எட்டாம் தலைமுறையில் ஏன் கோடு கிழித்தார்கள் என்று தெரிந்தால் முடிவெடுக்கச் சுலபம். விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு உண்டு. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஏறும் ஒவ்வொரு நிரலையும் தனி அடுக்கில் வைத்துச் சரிபார்க்கும். ப்ராசசரிலேயே எம்பிஇசி என்ற வசதி இருந்தால் இதனால் வேகம் அதிகம் குறையாது. இன்டெலில் அது ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஐ5-6500-இல் கிடையாது. அதனால் மென்பொருளாலேயே அதைப் போலச் செய்ய வேண்டியிருக்கிறது, கணினி இழுக்கும். ஆனால் அந்த வசதி இருந்தும் ஏழாம் தலைமுறையில் ஓரிரண்டு தவிர மற்றவற்றைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்தக் கோடு முழுக்க நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக ஓடும் லட்சக்கணக்கான கணினிகளை அது குப்பைக்கு அனுப்புகிறது.

டெல் தளத்தில் சர்வீஸ் டேக் அடித்துப் பார்த்தால், அந்தக் காலத்து ஆப்டிபிளெக்ஸ்களுக்கு டிபிஎம் 1.2-ஐ 2.0 ஆக்கும் ஃபர்ம்வேர் கருவி கிடைக்கும். செய்யலாம், ஆனால் ப்ராசசர் என்ற சிவப்பு மட்டும் போகாது.

பைபாஸ் என்று அவர் சொல்வது இரண்டு வகையில் நடக்கும். ஒன்று, ரெஜிஸ்ட்ரியில் எம்ஓசெட்டப் என்ற இடத்தில் ஒரு மதிப்பை 1 என்று வைத்துவிட்டு ஐஎஸ்ஓ என்ற விண்டோஸ் நிறுவல் கோப்பிலிருந்து செட்டப்பை ஓட்டுவது. டிபிஎம் 1.2 இருந்தால் இதற்குப் போதும். மைக்ரோசாஃப்டே முதலில் இதை வெளியிட்டிருந்தது, பிறகு பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. இன்னொன்று, ரூஃபஸ் கருவியில் பென்டிரைவ் தயாரிக்கும்போது டிபிஎம், செக்யூர் பூட், ரேம் நிபந்தனைகளை நீக்கும் கட்டத்தில் டிக் போடுவது. ஐ5-6500-இல் இரண்டும் எடுபடும்.

பிறகு வரும் தொல்லை இது. மாதாந்தர அப்டேட்கள் பெரும்பாலும் வந்துகொண்டிருக்கும், ஆனால் வருவதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வரவே வராது. ஹோம், ப்ரோவில் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் ஆயுள் 24 மாதம். 2024-இன் பதிப்பான 24எச்2 2026 அக்டோபர் 13-இலும், 2025-இன் 25எச்2 2027 அக்டோபர் 12-இலும் முடிகின்றன. அந்தத் தேதிக்குள் யாராவது உட்கார்ந்து ஐஎஸ்ஓ வைத்துக் கையால் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் திரையில் 11 என்றிருக்கும், பாதுகாப்பு நின்று போயிருக்கும். பைபாஸ் செய்து கொடுப்பவர் இதைச் சொல்வதே இல்லை.

வாடிக்கையாளரின் ஆதார் எண், வங்கி விவரம் எல்லாம் அடிக்கும் கணினியை அந்த நிலையில் விடக் கூடாது. இப்போதைக்கு விண்டோஸ் 10-லேயே இருந்து, ஆதரவு முடிந்தபின்னும் பாதுகாப்பு அப்டேட் தரும் இஎஸ்யு திட்டத்தில் பதியுங்கள். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைத்தால் காசில்லை. இல்லாவிட்டால் 1000 ரிவார்ட்ஸ் புள்ளி, அல்லது 30 டாலர். ஒரு கணக்கில் 10 கணினி வரை சேர்க்கலாம். ஆனால் இது வீட்டுப் பயனருக்கான திட்டம். நிறுவனங்களுக்கு வேறு திட்டம் இருக்கிறது: முதல் ஆண்டு கணினிக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு அதன் இரட்டிப்பு, மொத்தம் மூன்று ஆண்டு வரை. தாமதமாகச் சேர்ந்தால் விட்டுப்போன ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். கடைக் கணினிக்கு முறைப்படி பார்த்தால் இரண்டாவதுதான்.

எதைச் செய்தாலும் இரண்டிலும் எஸ்எஸ்டி மாட்டி ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். ஆப்டிபிளெக்ஸ் 3040-க்கு டிடிஆர்3எல் ரேம்தான். ஆறாம் தலைமுறை என்றதும் கடைக்காரர் டிடிஆர்4 எடுத்துக் கொடுத்துவிடுவார், அது 7040-க்கு. பழைய ஸ்டிக்கைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

மின்ட்மேசை (பதில்)

‘ஈ’, ‘உ’ இரண்டுக்கும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்தான். ஆனால் கடையில் பிரிண்டர் வேலை இருப்பதால் முதலில் பிரிண்டரைப் பேசிவிட வேண்டும். அதைப் பார்க்காமல் லினக்ஸ் போட்டு, மறுநாளே திரும்ப விண்டோஸ் கேட்பதுதான் வழக்கமாக நடப்பது.

கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் படுத்தும். அதற்கு பக்கத்தைத் தானே வரையும் திறன் கிடையாது, கணினிதான் வரைந்து கேப்ட் என்ற கேனானின் சொந்த முறையில் அனுப்ப வேண்டும். கேனான் கொடுத்த லினக்ஸ் டிரைவர் பழையது. 32-பிட் நூலகங்களைக் கேட்கும், பின்னணியில் ஓடும் அதன் சேவை அடிக்கடி நின்றுபோகும். கேப்ட்டிரைவர் என்ற திறமூல நிரல் உண்டு, முழுமை பெறவில்லை. நாள் முழுக்க அச்சடிக்கும் கடைக்கு இரண்டும் ஆகாது. விண்டோஸ் கணினியில் அதை மாட்டி நெட்வொர்க்கில் பகிர்ந்தாலும் தீராது, லினக்ஸ் பக்கம் அதே டிரைவர் மறுபடி தேவைப்படும். எல்பிபி 2900-ஐ ‘அ’வோடு இணைத்துவிட்டு அதில் ஒரு ஃபோல்டரைப் பகிருங்கள். லினக்ஸ் கணினிகள் பிடிஎஃப்பை அந்த ஃபோல்டரில் சேமிக்கட்டும், அங்கிருந்து அச்சடியுங்கள்.

எம்1005 நல்ல பிள்ளை. எச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான எச்பிலிப்பில் அச்சும் ஸ்கேனும் ஓடும். ஆனால் எச்பியின் தனி பிளகின் ஒன்றை இறக்க வேண்டும், அதற்கு இணையம் வேண்டும். அந்த பிளகின் எச்பிலிப்பின் பதிப்போடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். சிஸ்டம் அப்டேட்டில் எச்பிலிப் ஒரு படி ஏறியதும் பிரிண்டர் மௌனமாகிவிடும். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் பிளகினை மறுபடி இறக்குங்கள், சரியாகிவிடும்.

லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22-இன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போடுங்கள். உபுண்டு 24.04-ஐ அடியாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் வரும். 2 ஜிபி ரேமில் எழும்பும், பிரவுசரோடு நிம்மதியாக வேலை பார்க்க 4 ஜிபி வேண்டும், 8 இருந்தால் கவலையே இல்லை. எஸ்எஸ்டி கட்டாயம். பென்டிரைவிலிருந்து லைவ் ஆக (இன்ஸ்டால் செய்யாமல்) ஓட்டி வைஃபை, ஒலி, ஸ்லீப்பிலிருந்து எழும்புவது, எம்1005 நான்கையும் பாருங்கள். பிராட்காம் வைஃபை சில்லாக இருந்தால் டிரைவர் மேனேஜரில் தனியாகப் போட வேண்டியிருக்கும். செக்யூர் பூட் எனேபிளாகி இருந்தால் அந்த டிரைவர் ஏறாமல் போகலாம், அந்தக் கணினியில் மட்டும் அணைத்துவிடுங்கள்.

தமிழ்: தட்டச்சுக்கான ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டு தொகுப்புகளையும் போட்டு, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழ் கீழே தமிழ்99 சேருங்கள். கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் தமிழ்99 என்று ஒன்று இருக்கும், அதை எடுக்காதீர்கள். அது விசைக்கு எழுத்து என்ற அளவில் நின்றுவிடும். ‘கக’ என்று அடித்தால் ‘க்க’ என்று தானாகப் புள்ளி விழுவது எம்17என் வழியில்தான். வேகமாக அடிப்பவர்கள் முதல் வரியிலேயே வித்தியாசத்தை உணர்வார்கள். பாமினிக்குக் கவலை வேண்டாம். எழுத்துருக் கோப்பை ஹோம் ஃபோல்டரில் எழுத்துருக்களுக்கான இடத்தில் போட்டு லிப்ரே ஆஃபிஸில் தேர்ந்தால் ஆங்கில விசைகளிலேயே அடிக்கலாம். தட்டச்சு இடைமுகம் என்று தனி மென்பொருளோடு வரும் எழுத்துருத் தொகுப்புகள் மட்டும் ஓடாது.

டாலி, விரல்ரேகைக் கருவி, கையொப்ப டோக்கன் மூன்றையும் லினக்ஸ் பக்கம் இழுக்காதீர்கள். அவை விண்டோஸ் கணினியிலேயே இருக்கட்டும்.

தட்டச்சகம்

எல்லோருக்கும் நன்றி. ‘அ’வுக்கு எஸ்எஸ்டி வழிதான் சரி என்று படுகிறது. மூன்று சந்தேகம். ஒன்று, ‘ஆ’வில் அப்டேட் பக்கத்தில் இஎஸ்யு பதியும் இணைப்பே காணோம், ‘இ’யில் இருக்கிறது. இரண்டு, ‘உ’வை லினக்ஸ் ஆக்கினால் பேஜ்மேக்கருக்கு என்ன வழி? ரேமையாவது கூட்டலாமா? மூன்று, அப்டேட் எதுவுமே செய்யாமல் விட்டால் உண்மையில் எப்போது வேலை நிற்கும்?

கணினிப்பட்டறை

இஎஸ்யு இணைப்பு வராததற்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம். முதலில் ரன் பெட்டியில் வின்வெர் அடித்துப் பாருங்கள், விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 என்று இருக்க வேண்டும். 21எச்2-வாக இருந்தால் இணைப்பு வராது. அடுத்து, நிலுவையில் உள்ள அப்டேட் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். பதிவுத் திரையே திறந்து மூடிவிடும் கோளாறை 2025 ஆகஸ்டில் வந்த கேபி5063709 சரிசெய்தது, அதற்கு முன் நின்றுபோன கணினியில் எதுவும் நடக்காது. மூன்றாவது, நுழைந்திருப்பது அட்மின் கணக்காக இருக்க வேண்டும். குழந்தைக் கணக்கில் பதிய முடியாது. டொமைனிலோ அலுவலக நிர்வாக மென்பொருளிலோ முன்பு இணைத்த கணினியானால் வீட்டுத் திட்டம் அதற்குக் காட்டாது. ஆப்டிபிளெக்ஸ் பெரும்பாலும் ஏதோ அலுவலகத்திலிருந்து கழித்து வந்ததாக இருக்கும், எனவே செட்டிங்ஸில் ‘ஆக்சஸ் ஒர்க் ஆர் ஸ்கூல்’ பக்கத்தில் பழைய இணைப்பு தொங்குகிறதா என்று பாருங்கள்.

தாமதமாகப் பதிந்தாலும் வீட்டுத் திட்டத்தில் அதுவரை வந்த பாதுகாப்பு அப்டேட்கள் எல்லாம் சேர்ந்தே ஏறும். முடிவுத் தேதி மட்டும் நகராது.

பழையபலகை (பதில்)

‘உ’வுக்கு நான் சொல்கிறேன். இ7500-இல் எஸ்எஸ்இ என்ற ப்ராசசர் கட்டளைத் தொகுப்பில் 4.1 வரைதான் உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ4.2-ஐயும் பாப்கவுன்ட் என்ற கட்டளையையும் கேட்கிறது. இரண்டும் 2008 இறுதியில் வந்த முதல் கோர் ஐ வரிசையில் தொடங்கியவை. இவை இல்லாத ப்ராசசரில் 24எச்2 பூட்டே ஆகாது. ஐந்திலும் 11 போட்டுத் தருகிறேன் என்று சொன்னவர் இந்தக் கணினியைத் திறந்தே பார்க்கவில்லை.

ரேம் கூட்டலாம், ஆனால் ஜி41-க்கு ஒரு பிடிவாதம் உண்டு. டிடிஆர்3 4 ஜிபி ஸ்டிக்கில் இரு பக்கமும் சேர்த்து 16 சில்லு இருந்தால்தான் ஏற்கும். 8 சில்லு மட்டுமே உள்ள புதுவகை 4 ஜிபி ஸ்டிக் போட்டால் பீப் அடித்து நிற்கும், அல்லது பாதி ரேமைத்தான் காட்டும். சில்லுகளை எண்ணி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 2 ஜிபி ஸ்டிக் இரண்டு போதும்.

பேஜ்மேக்கர் விஷயத்தில் மின்ட்மேசையோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கணினியை லினக்ஸ் ஆக்க வேண்டாம். பழைய வாடிக்கையாளரின் கோப்புகள் எல்லாம் அந்த மென்பொருளில், அந்த எழுத்துருக்களில்தான் திறக்கும். வேறெங்கும் வரி உடையும், பக்கம் நகரும். அதை இணையத்திலிருந்து முழுதாக விலக்கிவிடுங்கள். லேன் கேபிளைக் கழற்றுங்கள், டிவைஸ் மேனேஜரிலும் நெட்வொர்க் அடாப்டரை டிஸேபிள் செய்யுங்கள். ஆட்டோபிளேயை அணைத்து, அதற்கென்று ஒரே ஒரு பென்டிரைவை ஒதுக்குங்கள். வாடிக்கையாளர் பென்டிரைவை நேராக இதில் செருகக் கூடாது, ‘அ’வில் ஸ்கேன் செய்தபின்தான் கோப்பு இங்கே வர வேண்டும். வெளியே போவது பிடிஎஃப்பாக மட்டும் போகட்டும். அந்த பிடிஎஃப்பை ‘அ’வில் திறந்து, ப்ராபர்ட்டீஸில் எழுத்துரு ‘எம்பெட்டட்’ (கோப்புக்குள்ளேயே சேர்ந்தது) என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும்.

இந்தக் கணினியின் ஹார்டுடிஸ்க்கை இன்றே குளோன் (முழு நகல்) செய்து வையுங்கள். குளோனிசில்லா பென்டிரைவ் போதும். அந்த வயதுள்ள டிஸ்க் எந்த நாளும் நிற்கலாம், 32-பிட் விண்டோஸ் 10-ஐ இனி அப்படியே மறுபடி அமைப்பது பெரும்பாடு. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது.

மூன்றாவது கேள்விக்கு: கணினி தானாக நிற்காது. எட்ஜ் பிரவுசருக்கும் டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலுக்கும் 2028 அக்டோபர் வரை அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. டிஃபெண்டர் தெரிந்த வைரஸைப் பிடிக்கும், விண்டோஸின் ஓட்டையை அடைக்காது. உங்கள் தொழிலில் நாள் குறிப்பது கடைசியில் பிரவுசர்தான். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, நிறுவனங்களுக்கான இஎஸ்யு 2023 ஜனவரியில் முடிந்தது, குரோமும் அதே மாதம் வந்த 109-ஆம் பதிப்போடு கைகழுவியது. அதன்பிறகு ஒவ்வொரு தளமாக, ‘உங்கள் பிரவுசர் பழையது’ என்று கதவைச் சாத்தியது. விண்டோஸ் 10-க்கும் அதே வரிசையில்தான் நடக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

மின்ட்மேசை

பேஜ்மேக்கர் பற்றி பழையபலகை சொல்வது சரி. ‘உ’வை அப்படியே தனியாக வைத்துவிடுங்கள்.

ஆனால் ஆறாம்தலைமுறை சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். 2026 அக்டோபர் 13-க்குப் பிறகு ‘ஆ, இ’யில் பாதுகாப்பு நின்ற விண்டோஸ் 10-ஐ ஓட்டுவதைவிட, மாத அப்டேட் வந்துகொண்டிருக்கும் பைபாஸ் விண்டோஸ் 11 மேல். இரண்டும் குறைதான், ஆனால் ஒரே அளவுக் குறையல்ல. செய்வதானால் நேராக 25எச்2 போடுங்கள், 2027 அக்டோபர் வரை மறுபடி தொட வேண்டியதில்லை. செய்யும் முன் டிஸ்க்கை இமேஜ் எடுத்து வையுங்கள். பழைய விண்டோஸுக்குத் திரும்பும் பொத்தான் 10 நாள் மட்டுமே இருக்கும்.

ஆறாம்தலைமுறை

அந்தத் தேதிக்குப் பிறகு என்றால் ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு: விரல்ரேகைக் கருவி, டோக்கன், பணப் பரிமாற்றம் மூன்றும் ‘அ’வில் மட்டும். ‘ஆ, இ’ இரண்டும் தட்டச்சுக்கும் விண்ணப்பம் நிரப்புவதற்கும்.

செக்யூர் பூட் பற்றி இன்னொரு தேதியும் உண்டு. 2011-இல் வழங்கிய மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலும் அக்டோபரிலும் முடிகிறது. 2023-இன் புதிய சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வரும். அப்டேட் நின்ற கணினிக்கு வராது. பூட் ஆவது நிற்காது, ஆனால் பூட் பகுதியில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கான திருத்தம் இனி ஏறாது. ‘அ’வுக்கு பயாஸ் அப்டேட்டை முதலில் செய்யச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் ‘ஆ, இ’க்குப் பதில் பழைய கணினி வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளில் பைபாஸ் செய்து ‘விண்டோஸ் 11 கணினி’ என்று விற்கிறார்கள். திரையில் 11 தெரிவதை நம்பாதீர்கள். சிஸ்டம் தகவலில் ப்ராசசர் எண்ணைப் பாருங்கள். ஐ5-க்குப் பின் வரும் எண் நான்கு இலக்கமானால் முதல் இலக்கம் தலைமுறை: 6500 ஆறு, 7500 ஏழு, 8500 எட்டு. டிபிஎம் திரையில் 2.0 வர வேண்டும். பிசி ஹெல்த் செக்கைக் கடையிலேயே ஓட்டச் சொல்லுங்கள், ஓட்டமாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். ஆப்டிபிளெக்ஸ் 3060-இல் ஐ5-8500 கிடைத்தால் எடுக்கலாம். அதற்கு டிடிஆர்4 ரேம், எனவே இப்போது 3040-க்கு வாங்கும் ரேம் அதில் சேராது. எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி அதில் அப்படியே மாட்டலாம்.